மூன்றாவது ஆல்பம் கேட்பவர்களுக்கு

ஓர்னாட்டோஸ் வியோலெட்டா இசைக்குழுவின் ரசிகர்களுக்கு, அவர்களிலும் குறிப்பாக "மூன்றாவது ஆல்பம் எப்போது?" என்று கால் நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, வணக்கம்.

இந்த மடல் தமிழில் எழுதப்படுகிறது. உங்களில் அநேகமாக யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் இந்த மொழி உங்களுக்கு முழுக்க அயலானதல்ல. உங்கள் மூதாதையர் கப்பலேறி வந்து விட்டுப்போன ஜன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் இங்கே தமிழ்ச் சொற்களாகவே புழங்குகின்றன. அந்த அலமாரியிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். உங்கள் வீட்டு அலமாரியில் இந்தக் குழுவின் ஆல்பங்கள் எத்தனை? இரண்டு. 1997 இல் வந்த 'காவோ!' ஒன்று. 1999 இல் வந்த 'ஓ மோன்ஸ்ட்ரோ பிரெசீஸா டி அமீகோஸ்' இன்னொன்று. முதலாவதன் பெயருக்கு 'நாய்!' என்று பொருள், ஆச்சரியக்குறியோடு. அடுத்ததற்கு 'பூதத்துக்கு நண்பர்கள் தேவை'. பக்கத்தில் 2011 இல் வெளிவந்த அரிய பாடல்களின் தொகுப்பும் இருக்கலாம். அவ்வளவுதான். அதற்கடுத்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள்.

அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் காதில் விழட்டும் என்று ஒருமுறை சொல்லிவிடலாம். 1991 இல் போர்ட்டோ நகரத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து குழு அமைத்தார்கள். பெயருக்கு ஊதா அலங்காரங்கள் என்று அர்த்தம். திரைச்சீலைக் கடைக்கு வைத்தாலும் பொருந்தும். பாட்டும் எழுத்தும் மனேல் குரூஸ். பேஸ் கித்தார் நூனோ பிராட்டா. கித்தார் வாசித்தவரை எல்லோரும் பெய்ஷே என்றே அழைத்தார்கள், அதாவது மீன். டிரம்ஸில் கினோர்ம். கீபோர்டில் எலீசியோ டோனாஸ். ஐந்து பேர். முதல் ஆல்பம் வெளிவர ஆறு ஆண்டுகள் ஆயின. அடுத்தது அதிலிருந்து இரண்டே ஆண்டில். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 2002 இல், குழு கலைந்தது.

மனேல் குரூஸ் பிறந்த ஆண்டு 1974. அந்த எண்ணை உங்கள் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஏப்ரல் 25 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தபோது, புறப்படுங்கள் என்ற சைகையே பாட்டாகத்தான் வானொலியில் போனது. முந்தைய இரவு அந்த ஆண்டின் யூரோவிஷன் போட்டிக்குப் போன காதல் பாட்டு ஒன்று. நள்ளிரவு தாண்டியதும் ஜொசே அஃபோன்சோவின் 'கிராண்டோலா, வீலா மொரேனா'. அரசையே பாட்டால் கவிழ்த்த நாடு என்று சொல்வது மிகைதான். ஆனால் அதற்கடுத்த தலைமுறை கித்தாரைத் தூக்கியபோது, பாட்டு இதைவிடப் பெரிய வேலையெல்லாம் செய்து முடித்துவிட்டிருந்தது. மேடையேறிக் கொடி பிடிக்க அவர்களுக்கு அவசியமில்லை. காதல் முறிந்ததைப் பாடலாம், நாயைப் பற்றிப் பாடலாம், ஒன்றுமில்லாததைப் பற்றியும் பாடலாம். உங்கள் குழு அந்த உரிமையை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டது.

எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

1980 இல் ருய் வெலோசோ 'ஆர் டி ரோக்' ஆல்பத்தில், கார்லோஸ் டே எழுதிய வரிகளைப் பாடி, போர்ச்சுகீசிய மொழியிலேயே ராக் பாட முடியும் என்று காட்டினார். அதே ஆண்டில் போர்ட்டோவில் ஜி.என்.ஆர். குழு தொடங்கியது. 'புது ராக் குழு' என்பதன் சுருக்கம் அது. உங்கள் தேசியக் காவல்படையின் பெயர்ச் சுருக்கமும் அதுவே, அந்தக் குறும்பு தெரிந்தே செய்ததுதான். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் காற்று திசை மாறியிருந்தது. லெய்ரியாவிலிருந்து வந்த சைலன்ஸ் ஃபோர் 1998 இல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிய முதல் ஆல்பம் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் அது எவ்வளவு பெரிய எண் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அல்கோபாசாவின் தி கிஃப்ட் குழுவும் அதே ஆண்டில் 'வினைல்' ஆல்பத்தைத் தன் சொந்த முயற்சியில் வெளியிட்டது. அவர்கள் பாடியதும் ஆங்கிலம்தான். ஆங்கிலத்தில் பாடினால் எல்லை திறக்கும் என்ற நம்பிக்கை வீண் நம்பிக்கையும் அல்ல. தி கிஃப்டின் 2017 ஆல்பமான 'ஆல்ட்டர்' பிரையன் ஈனோவின் தயாரிப்பு.

ஓர்னாட்டோஸ் போர்ச்சுகீசியத்தில் பாடினார்கள். அதன் விலை என்னவென்று வெளியாருக்குச் சட்டென்று புரியாது. போர்ச்சுகீசியம் பேசுவோர் உலகில் இருபது கோடிக்கு மேல் இருக்கிறார்களே, சந்தைக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரேசிலில் இருக்கிறார்கள். பிரேசில் பாட்டு லிஸ்பனில் எல்லா வீட்டிலும் ஒலிக்கும். லிஸ்பன் பாட்டு, அதுவும் ராக் பாட்டு, சாவோ பாவ்லோவில் ஒலிப்பது அபூர்வம். அட்லாண்டிக் கடலில் இசை பெரும்பாலும் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. ஆக, ஓர்னாட்டோஸ் தங்கள் பாட்டை அந்த ஒரு கோடிப் பேருக்காக மட்டும் எழுதினார்கள். வானொலி நிலையங்கள் 25 முதல் 40 சதவீதம் வரை உள்நாட்டு இசையை ஒலிபரப்பியே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்தது 2006 இல். குழு கலைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

'காவோ!' ஆல்பத்தை இன்று கேட்டால் முதலில் சிரிப்பு வருகிறது. குறையாகச் சொல்லவில்லை. ஃபங்க், ஸ்கா, பங்க் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறிய இளைஞர்களின் கை அது. ஒரு பாட்டின் தலைப்பே 'பங்க் மோடா ஃபங்க்'. இன்னொன்று 'மாட்டா-மி ஓட்ரா வேஸ்', என்னை மறுபடி கொல்லு என்று பொருள். வேகம் இருக்கிறது, நையாண்டி இருக்கிறது, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் இருக்கிறது. உங்களில் சிலருக்கு இதுதான் அசல் ஓர்னாட்டோஸ். இந்த மடல் அந்தக் கட்சி இல்லை. ஆனாலும் அந்த ஆல்பம் இல்லாமல் அடுத்தது பிறந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறது.

அடுத்தது, பூதம்.

பதின்மூன்று பாடல்கள். தயாரிப்பு மாரியோ பரெய்ரோஸ். முதல் ஆல்பத்தில் எல்லாத் திசையிலும் சிதறிய சக்தி இதில் ஒரே வாய்க்காலுக்குள் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. நையாண்டி போய்விடவில்லை, உள்ளுக்குள் இறங்கியிருக்கிறது. தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே மனநிலை தெரியும்: 'ஷாகா' என்றால் புண், 'டியா மாவ்' என்றால் மோசமான நாள், 'டெய்ஷா மொர்ரேர்' என்றால் சாகவிடு, கடைசிப் பாட்டின் பெயர் 'ஃபீம் டா கன்சாவோ', பாட்டின் முடிவு. இரண்டே ஆல்பம் போட்டுவிட்டுப் போன குழு தன் கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு 'பாட்டின் முடிவு' என்று பெயர் வைத்திருக்கிறது. இதற்கு மேல் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

'ஓவி டிஸேர்' பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். தமிழில் அந்தத் தலைப்பு ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது: கேள்விப்பட்டேன். காதல் முடிந்துபோன பிறகு எழும் பாட்டு. உலகத்தில் அப்படிப்பட்ட பாட்டுகள் லட்சம் இருக்கும். இதில் இரண்டு விஷயங்கள் வேறு. ஒன்று, முறிவு ஒரு சம்பவமாக நம் கண்ணெதிரே நடப்பதில்லை. ஊர்ப்பேச்சாகக் காதுக்கு வந்து சேர்கிறது. சம்பந்தப்பட்டவனுக்கே செய்தி கடைசியில்தான் எட்டுகிறது. மற்றொன்று, பாட்டின் இறுதியில் பாடுவது நின்று ஒரு வயதான ஆண் குரல் பேசத் தொடங்குகிறது. விட்டோர் எஸ்பாடிஞ்யாவின் குரல் அது. நடிகர்; எழுபதுகளின் பிற்பகுதியில் 'ரெக்கோர்டார் எ விவேர்' என்ற உருக்கமான பாட்டால் வீட்டுக்கு வீடு தெரிந்தவர். அந்தப் பாட்டிலும் பேச்சுத்தான் பிரதானம். இருபத்தைந்து வயது ராக் பாடகன் ஒருவன் தன் அம்மா அப்பா காலத்துக் கண்ணீர்ப்பாட்டின் குரலைத் தேடிப் பிடித்து, கேலிக்காக அல்லாமல் தன் துயரத்தைச் சொல்லி முடிப்பதற்காகவே நிறுத்திவைத்தான். ராக் கேட்கும் பிள்ளைகள் கிண்டலடித்துப் பழகிய ஒரு வகையை மரியாதையோடு உள்ளே அழைத்தது அது. எஸ்பாடிஞ்யாவின் குரலில் மிகை இருக்கிறது. அந்த மிகைதான் அங்கே தேவைப்பட்டது. இளம் குரல் எட்டித் தொட முடியாத ஓர் இடத்தை முதிய குரல் அலட்டாமல் தொட்டுவிடுகிறது.

அடுத்த பாட்டான 'காபிதாவோ ரொமான்ஸ்' வேறு திசையில் கை நீட்டியது. அதில் வந்து சேர்ந்தவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வயலண்ட் ஃபெம்ஸ் குழுவின் பாடகர் கார்டன் கானோ. ஒரு பாட்டில் லிஸ்பன் தொலைக்காட்சியின் பழைய முகம், அடுத்த பாட்டில் அமெரிக்க மாற்று ராக்கின் மூலவர்களில் ஒருவர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோது எந்தத் தையலும் தெரியவில்லை. நண்பர்கள் தேவைப்பட்ட பூதம் எங்கெல்லாம் போய் நண்பர்களைப் பிடித்துவந்திருக்கிறது பாருங்கள்.

இதையெல்லாம் 'சௌடாட்', அதாவது ஏக்கம், என்ற ஒரு சொல்லில் சுருட்டி வெளிநாட்டு நிருபர்கள் எழுதுவார்கள். உங்கள் நாட்டில் யார் தும்மினாலும் அவர்களுக்கு அது சௌடாட்தான். உங்கள் ஃபாடோ இசையின் ஏக்கம் ஓர்னாட்டோஸில் தேடினால் கொஞ்சம் கிடைக்கும். தேடாமலே கிடைப்பது கோபமும் சுய பரிகாசமும். மனேல் குரூஸ் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு மேடையில் நின்று கத்துவதை ஏக்கம் என்று சொல்லிவிட முடியாது.

அதே 1999 இல் இன்னொன்றும் நடந்தது, இந்த மடலின் வாதத்துக்கு அது வேண்டும். ஷூட்டோஸ் இ பொன்டபேஸ் குழுவின் இருபதாண்டு நிறைவுக்கு இருபது குழுக்கள் சேர்ந்து அவர்களுடைய பாடல்களைப் பாடி ஒரு ஆல்பம் போட்டார்கள். ஓர்னாட்டோஸ் எடுத்துக்கொண்டது 'சீர்கோ டி ஃபெராஸ்'. ஷூட்டோஸ் 1979 ஜனவரியில் முதல் கச்சேரி செய்த குழு. இன்றும் செய்துகொண்டிருக்கிறது. 2017 இல் கித்தார் கலைஞர் ஸே பெட்ரோ இறந்த பிறகும் நிற்கவில்லை. நாற்பது ஆண்டுகளைத் தாண்டி, தாத்தாவும் பேரனும் ஒன்றாகப் போய்ப் பார்க்கும் குழுவாகிவிட்டது. அப்படியும் ஒரு ராக் வாழ்க்கை சாத்தியம் என்பதற்கு உங்கள் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. அவர்கள் தொடர்ந்தார்கள், இவர்கள் ஏன் தொடரக்கூடாது என்று நீங்கள் கேட்பது அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி நியாயமானது. ஆனால் ஷூட்டோஸ் ஒரு நிறுவனம். கல்யாண வீட்டுக்கும் கட்சி மாநாட்டுக்கும் பொதுவான நிறுவனம். ஓர்னாட்டோஸ் ஒரு வயது. பதினேழிலிருந்து இருபத்தெட்டு வரை ஐந்து பேர் ஒத்திகை அறையில் சேர்ந்து கழித்த காலம். 2002 இல் அது முடிந்தது. போர்ச்சுகலில் எஸ்குடோ நாணயம் விடைபெற்று யூரோ நோட்டுகள் கைக்கு வந்த ஆண்டும் அதுவே. எஸ்குடோ கொடுத்து வாங்கிய இரண்டு ஆல்பங்களோடு உங்கள் பதின்பருவமும் அந்த ஆண்டில் பழங்கணக்கில் சேர்ந்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். இல்லாத குழு வளரத் தொடங்கியது. அண்ணன் அலமாரியிலிருந்து தம்பி எடுத்தான். அவனிடமிருந்து வகுப்புத் தோழி நகல் எடுத்தாள். 2002 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2012 இல் இருபது. அந்தப் பிள்ளை ஓர்னாட்டோஸை மேடையில் பார்த்ததே கிடையாது. ஆனால் எல்லா வரியும் மனப்பாடம். தொண்ணூறுகளின் போர்ச்சுகீசிய ஆல்பங்களை யார் வரிசைப்படுத்தினாலும் பூதம் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. கலைந்த குழுவுக்குப் புது ரசிகர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள்.

2012 இல் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

அந்த ஆண்டை இசையோடு மட்டும் சேர்த்து நினைவுகூர முடியாது. முந்தைய ஆண்டு மே மாதம் உங்கள் அரசு ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நிதியம் என்ற மூவரணியிடம் 7,800 கோடி யூரோ கடன் வாங்கியிருந்தது. பதிலுக்குச் சம்பளம் வெட்டு, ஓய்வூதியம் வெட்டு, வரி ஏற்றம். படித்த பிள்ளைகள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் லுவாண்டாவுக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். 2012 செப்டம்பர் 15 அன்று நாடு முழுக்கத் தெருக்கள் நிரம்பி வழிந்தன. அந்த ஆகஸ்டில் ஓர்னாட்டோஸ் பரேடிஸ் டி கோரா விழாவில் மேடையேறினார்கள். வடக்கே, மீனோ பகுதியில், ஆற்றங்கரைப் புல்சரிவே அரங்கமாக அமைந்த இடம். 1993 முதல் அந்தச் சின்ன ஊர் இசைக்காக மட்டுமே நாட்டின் கவனத்துக்கு வருகிறது. இலையுதிர் காலத்தில் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் கொலிசேவு அரங்குகள். சீட்டுகள் தீர்ந்து, கூடுதல் இரவுகள் சேர்த்தார்கள்.

போர்ட்டோ கொலிசேவு என்பதைச் சும்மா ஓர் அரங்கம் என்று கடந்துபோக உங்களால் முடியாது. 1941 இல் திறந்த கட்டடம். 1995 இல் அதை ஒரு பிரேசில் மதச் சபைக்கு விற்கப் பார்த்தபோது ஊரே பாசோஸ் மனுவேல் தெருவில் திரண்டது. பாடகர் பெட்ரோ அப்ருன்யோசா அரங்கத்தின் வாசல் கம்பியில் தன்னைப் பிணைத்துக்கொண்டார். விற்பனை நின்றது. அந்த ஊர் பாட்டு கேட்கும் இடத்தை அப்படிக் காப்பாற்றிக்கொண்ட ஊர். பதினேழு ஆண்டு கழித்து அதே அரங்கில், பத்தாண்டு மௌனத்துக்குப் பின் தன் சொந்தப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்க அது திரும்ப நிரம்பியது. உள்ளே நின்றவர்களில் அடுத்த மாதமே விமானம் ஏறப்போகிறவர்கள் எத்தனை பேரோ. மனேல் குரூஸ் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினால் போதும், முழுப் பாட்டும் திரும்பி வந்தது.

அந்த மேடைகளில் இருந்தது பழைய சரக்குதான். திரும்பி வந்தோம், வாசித்தோம், போகிறோம் என்ற கணக்கு. 2019 இல் பூதத்துக்கு இருபது வயது ஆனபோதும் அதே கணக்கு: லிஸ்பனை ஒட்டிய அல்ஜெஸ் கடற்கரையில் நடக்கும் நோஸ் அலைவ் உள்ளிட்ட சில விழாக்கள், அந்த ஆல்பத்தின் பாடல்கள், கைதட்டல், கலைவு. புது ஆல்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு பழைய பெயரால் சீட்டு விற்கும் குழுக்கள் உலகமெங்கும் உண்டு. இடைவேளையில் நான்கு புதுப் பாட்டு வாசிக்கும்போது கூட்டம் சிற்றுண்டிக் கடைப் பக்கம் நகரும் காட்சியும் உங்களுக்குப் பழக்கமானதே. ஓர்னாட்டோஸ் அந்தச் சங்கடத்தை உங்களுக்கும் வைக்கவில்லை, தங்களுக்கும் வைத்துக்கொள்ளவில்லை. இதை நேர்மை என்று சொல்லத் தோன்றுகிறது. உங்களில் பலர் கஞ்சத்தனம் என்கிறீர்கள்.

இனி வழக்கின் மையத்துக்கு வரலாம். மூன்றாவது ஆல்பம் வரவில்லை என்கிறீர்கள். வந்தது. ஒன்றல்ல, பல. நீங்கள்தான் வாங்கவில்லை.

2004 இல் மனேல் குரூஸும் பெய்ஷேயும் புளூட்டோ என்ற குழுவில் 'போம் டியா' ஆல்பம் போட்டார்கள். காலை வணக்கம் என்று பெயர். ஓர்னாட்டோஸின் குரலும் கித்தாரும் அதில் இருக்கின்றன. இன்னும் நேரடியான, இன்னும் இறுக்கமான ராக். உறையில் பழைய பெயரைப் போட்டிருந்தால் வரிசையில் நின்று வாங்கியிருப்பீர்கள். 2006 இல் நூனோ பிராட்டா தன் பெயரிலேயே பாடிப் பதிந்தார். பேஸ் கித்தார்காரர் பாடுகிறாரா என்று புருவத்தை உயர்த்தினீர்களே தவிர, காது கொடுக்கவில்லை. தாழ்ந்த, பேசுவது போன்ற குரல்; அன்றாடத்தின் சின்னச் சின்ன மடிப்புகளைத் தொட்டுப் பார்க்கும் வரிகள்.

2008 இல் மனேல் குரூஸ் 'ஃபோஜ் ஃபோஜ் பாண்டிடோ' என்ற பெயரில் செய்ததுதான் எல்லாவற்றிலும் துணிச்சலானது. ஓடு ஓடு கொள்ளைக்காரா என்று பொருள். இரண்டு குறுந்தகடுகளும் அவரே வரைந்த படங்கள் நிறைந்த ஒரு புத்தகமும் சேர்ந்த பொருள் அது. பல ஆண்டுகளாக வீட்டிலே பதிந்து சேர்த்த துண்டுப் பாட்டுகள், பேச்சுகள், ஓசைகள். சில பாட்டு தொடங்குவதற்குள் முடிந்துவிடும். ஒட்டுப்போட்ட பழம்புடவைப் போர்வை மாதிரி. ஓர்னாட்டோஸ் காலத்தில் ஐந்து பேர் சேர்ந்து இறுக்கிக் கட்டிய பாட்டை இங்கே ஒரே ஆள் பிரித்துப் போட்டு, உள்ளே என்னென்ன இருந்தது என்று காட்டுகிறார். பூதத்தை எழுதிய மனிதன் அடுத்து எங்கே போயிருப்பான் என்று தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டியது இதைத்தான். எளிதில் பிடிக்காது என்பது உண்மை. 'ஓவி டிஸேர்' கூட முதல்முறை கேட்டபோது அந்தக் கிழவர் ஏன் பேசுகிறார் என்றுதானே கேட்டீர்கள்?

பிறகு 2012. கொலிசேவு சீட்டுக்கு நீங்கள் அலைந்த அதே ஆண்டில் மனேல் குரூஸின் இன்னொரு குழுவான சூப்பர்நாடா 'நாடா எ பொசீவெல்' ஆல்பத்தை வெளியிட்டது. 'எதுவும் சாத்தியமில்லை' என்றும் படிக்கலாம், 'ஒன்றுமில்லாமை சாத்தியமே' என்றும் படிக்கலாம். உங்கள் மொழியின் குறும்பு அது. அதே ஆண்டில் பெய்ஷே ஒற்றைக் கித்தாரை மட்டும் வைத்து 'அப்னேயா' என்ற ஆல்பம் போட்டார். மூச்சடக்கம் என்று பெயர். பாட்டே கிடையாது, விரலும் கம்பியும் மட்டும். ஆக, அந்த ஒரே ஆண்டில் இரண்டு புது ஆல்பங்கள் கடையில் இருந்தன. நீங்கள் மேடைக்குக் கீழே நின்று 'ஷாகா, ஷாகா' என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். 2019 இல் மனேல் குரூஸ் முதன்முறையாகத் தன் பெயரிலேயே 'வீடா நோவா' வெளியிட்டார், புது வாழ்வு. அதில் ஒரு பாட்டின் பெயர் 'ஐண்டா நாவோ அக்காபெய்'. இன்னும் நான் முடிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தத் தலைப்பிலேயே இருந்தது. அந்தக் கோடையிலும் நீங்கள் பூதத்தைப் பார்க்கத்தான் போனீர்கள்.

இதைக் குற்றச்சாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலைஞன் நகர்ந்துவிடுகிறான், ரசிகன் ஒரு வயதில் நின்றுவிடுகிறான். எல்லா ஊரிலும் நடப்பதுதான். உங்களுக்குள் ஒலிக்கும் பூதம் 1999 இன் படுக்கையறையில், பழைய ஸ்டீரியோவில், பரீட்சைக்கு முந்தின இரவில் கேட்டது. அந்த அறையையும் அந்த இரவையும் ஐந்து பேர் ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து உருவாக்கித்தர முடியாது. மூன்றாவது ஆல்பம் வந்திருந்தால், அது இந்த இரண்டைப் போல இல்லையே என்று முதலில் எழுதியிருக்கப்போவதும் நீங்கள்தான்.

இப்போது அந்தக் கோரிக்கைக்கு ஒரு தடை வந்துவிட்டது, அதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். 2023 இல் எலீசியோ டோனாஸ் இறந்துபோனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ராக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் பெரும்பாலும் மேடையின் ஓரத்தில், வெளிச்சம் குறைந்த பக்கம் நிற்பவர். புகைப்படத்தில் பாதி வெட்டுப்படுபவர். ஓர்னாட்டோஸில் முதல் ஆல்பத்தின் கும்மாளத்துக்கும் இரண்டாவதன் ஆழத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால், பதிலில் ஒரு பெரிய பங்கு அந்த ஓரத்தில் நின்றவருடையது. அவருடைய மரணச் செய்தி வந்த நாளில் உங்களில் ஆயிரக்கணக்கானோர் பூதத்தை எடுத்துக் கேட்டிருப்பீர்கள். அன்றைக்காவது கித்தாரையும் குரலையும் ஒதுக்கிவிட்டுக் கீபோர்டை மட்டும் பின்தொடர்ந்தீர்களா? இல்லையென்றால் இன்று செய்யலாம். இருபது ஆண்டுக்கு மேல் மனப்பாடமான ஆல்பத்துக்குள் நீங்கள் கேட்காத ஆல்பம் ஒன்று இருக்கும்.

அலமாரியில் காலியாக வைத்திருக்கும் இடத்துக்கு முதலில் 'போம் டியா' வாங்கி வையுங்கள். அடுத்து நூனோ பிராட்டா. 'ஃபோஜ் ஃபோஜ் பாண்டிடோ' புத்தகத்தோடு கிடைத்தால் விடாதீர்கள். அது நிற்க வைத்தால் உயரம் இடிக்கலாம், படுக்க வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மொழியின் சாவியால் தன் அலமாரியைத் திறக்கும் ஒரு கேட்பவர்.

பி.கு.: 2011 இன் அரிய பாடல் தொகுப்பை இதில் கணக்கில் சேர்க்காததற்குக் கோபிக்க வேண்டாம். அதையும் மூன்றாவது ஆல்பம் என்று யாராவது கிளம்பிவிட்டால் இந்த மடலை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.